இளம் நீச்சல் வீரர்களின் வேகம்: வளரும் உடலும் பழகும் நுட்பமும்

ஆண்டுதோறும் முதலாம் தவணையில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் ஆரம்பப் பாடசாலைகள் பல தமது நீச்சல் விழாவை நடத்துகின்றன. தொடக்க மேடையில் பதினொரு வயதுப் பிரிவுப் பிள்ளைகள் வரிசையாக நிற்கின்றனர். அவர்களுள் ஒருவன் மற்றவர்களைவிட ஒரு தலை உயரம். அடுத்த தடத்தில் நிற்பவன் அவனுடைய தோளுக்கே வருகின்றான். ஊதல் ஒலித்ததும் இருவரும் பாய்கின்றனர். 50 மீற்றர் முடிவதற்குள் உயரமானவன் வெகுதூரம் முன்னே சென்றுவிடுகின்றான். படிகளில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் பெற்றோரின் மனத்தில் ஒரு முடிவு உருவாகின்றது: "எங்கள் பிள்ளைக்கு நீச்சல் சரிவராது."

அந்த முடிவு பெரும்பாலும் அவசரமானது. பல பிள்ளைகள் நீச்சலைக் கைவிடுவது இத்தகைய ஒரு நாளின் பின்னரே. இளம் நீச்சல் வீரர் ஒருவரின் வேகத்தை இரு வகையான காரணிகள் தீர்மானிக்கின்றன. ஒன்று உடல்: உயரம், கைகளின் நீளம், தசை வலிமை, பருவ வளர்ச்சி. மற்றொன்று நுட்பம்: நீரில் உடலை வைத்திருக்கும் விதம், மூச்சு, கைவீச்சு, கால் உதைப்பு, திருப்பம். முதலாவது தனக்குரிய காலத்தில் வரும். எவராலும் அதை விரைவுபடுத்த இயலாது. இரண்டாவது கற்றுக்கொள்ளக்கூடியது, அதைக் கற்பதற்கு மிகவும் உகந்த வயது, பிள்ளை இன்னும் சிறியதாக இருக்கும் அதே வயதுதான். இந்த வேறுபாட்டை அறிந்த பெற்றோர், போட்டி முடிவைச் சரியாக வாசிப்பர்.

நீரின் எதிர்ப்பு

நீச்சல் ஏனைய விளையாட்டுகளிலிருந்து வேறுபடுவது அது நடைபெறும் ஊடகத்தினால் ஆகும். நீர், காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. ஓடுபவர் தமது சக்தியின் பெரும்பகுதியை உடலை முன்தள்ளுவதற்குப் பயன்படுத்துகின்றார். நீந்துபவரோ தமது சக்தியின் பெரும்பகுதியை நீரின் எதிர்ப்பை வெல்வதற்கே செலவிடுகின்றார்.

இந்த எதிர்ப்பு வேகத்துடன் சமவிகிதத்தில் உயர்வதில்லை. அது ஏறத்தாழ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கின்றது. ஒரு பிள்ளை தனது வேகத்தைப் பத்து வீதத்தால் கூட்ட விரும்பினால், வெல்ல வேண்டிய எதிர்ப்பு ஏறத்தாழ 21 வீதத்தால் கூடுகின்றது. அதற்குத் தேவைப்படும் வலு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கால் கூடுகின்றது. ஆகவே "இன்னும் பலமாக அடி" என்ற அறிவுரை விரைவில் தன் எல்லையை அடைந்துவிடும். எதிர்ப்பைக் குறைக்கும் பிள்ளை, அதே பலத்துடன் கூடிய வேகத்தில் செல்லும்.

எதிர்ப்பு மூன்று வழிகளில் ஏற்படுகின்றது. உடல் நீரில் சரிவாகக் கிடக்கும்போது அதன் முன்பக்கப் பரப்பு அகன்று நீரைத் தடுக்கின்றது. இது வடிவத்தால் வரும் எதிர்ப்பு. மேற்பரப்பில் நீந்தும்போது உடல் அலைகளை எழுப்பி அவற்றுக்குச் சக்தியை இழக்கின்றது; இது அலையால் வரும் எதிர்ப்பு. தோலும் உடையும் நீருடன் உரசுவதால் வருவது மூன்றாவது. இம்மூன்றிலும் பிள்ளை தானே மிக எளிதில் திருத்தக்கூடியது முதலாவது.

எதிர்ப்பு எவ்வளவு முக்கியமானது என்பதை உலக நீச்சலே ஒருமுறை காட்டியது. நீரின் எதிர்ப்பைக் குறைத்து உடலை மிதக்கச் செய்த பொலியூரத்தேன் நீச்சலுடைகள் அனுமதிக்கப்பட்டிருந்த 2009ஆம் ஆண்டில், ரோம் நகரில் நடைபெற்ற உலக நீச்சல் போட்டிகளில் மட்டும் 43 உலக சாதனைகள் நிகழ்த்தப்பட்டன. வீரர்களின் தசைகள் ஓராண்டில் அவ்வளவு வளர்ந்துவிடவில்லை. 2010இன் தொடக்கத்தில் அந்த உடைகள் தடைசெய்யப்பட்டன. பிள்ளைகளுக்கு விலையுயர்ந்த உடை தேவையில்லை. உடலோடு ஒட்டிய எளிய நீச்சலுடை, நீண்ட கூந்தலை அடக்கும் தொப்பி, முகத்துக்குப் பொருந்தும் நீச்சல் கண்ணாடி ஆகியவை போதும். கை கால்களை மூடும் உடையை விரும்பும் பிள்ளைகளுக்கு உடலோடு ஒட்டிய நீச்சல் துணியாலான முழு உடைகள் கிடைக்கின்றன. தளர்ந்த பருத்திச் சட்டை மட்டும் நீரை உறிஞ்சிப் பாரமாகி, பிள்ளையைப் பின்னிழுக்கும்.

உடலமைப்பு தரும் நன்மை

உயரமும் நீண்ட கைகளும் நீச்சலில் நன்மை தருவன என்பதை மறுக்க இயலாது. நீண்ட கை ஒரு வீச்சில் கூடிய தூரத்தைப் பற்றுகின்றது. நீண்ட உடல் எழுப்பும் அலையும் நீளமாக இருப்பதால் அதே வேகத்தில் அலையின் எதிர்ப்பு குறைகின்றது. அமெரிக்க வீரர் மைக்கேல் பெல்ப்ஸின் உயரம் 193 சென்ரிமீற்றர். இரு கைகளையும் விரித்தால் அவற்றின் அகலம் 201 சென்ரிமீற்றர். சிட்னியில் வளர்ந்த இயன் தோர்ப்பின் உயரம் ஏறத்தாழ 195 சென்ரிமீற்றர். அவருடைய பெரிய பாதங்கள் துடுப்புகளாகவே வருணிக்கப்பட்டன.

ஆயினும் உடலமைப்பு முடிவை எழுதிவிடுவதில்லை. ஜப்பானிய வீரர் கொசுக்கே கித்தாஜிமாவின் உயரம் 178 சென்ரிமீற்றர். உலகத் தர நீச்சல் வீரர்களிடையே அது பெரிய உயரமன்று. அவர் 2004இல் ஏதென்ஸிலும் 2008இல் பெய்ஜிங்கிலும் 100 மீற்றர், 200 மீற்றர் மார்பு நீச்சல் ஆகிய இரண்டிலும் தங்கப் பதக்கம் வென்றார். அமெரிக்காவின் ஜனெற் எவன்ஸ் ஏறத்தாழ 165 சென்ரிமீற்றர் உயரமே உடையவர். 1988 சியோல் ஒலிம்பிக்கில் அவர் மூன்று தங்கம் வென்றார். 1989இல் 800 மீற்றர் பிரீஸ்டைலில் அவர் நிலைநாட்டிய உலக சாதனை 2008 வரை, 19 ஆண்டுகள், முறியடிக்கப்படவில்லை.

மிதப்பும் ஒவ்வோர் உடலுக்கும் வேறுபடும். கொழுப்பு நீரைவிட இலேசானது. தசையும் எலும்பும் நீரைவிடப் பாரமானவை. காற்று நிறைந்த நுரையீரல் மார்புப் பகுதியில் இருப்பதால் நீரின் மேலுதைப்பு மார்பைத் தாங்குகின்றது. கால்களோ கீழிறங்க முயல்கின்றன. மெலிந்த, நீண்ட கால்களையுடைய பிள்ளைக்கு இந்தச் சிக்கல் கூடுதலாக இருக்கும். "என் பிள்ளை மிதப்பதே இல்லை" என்று பெற்றோர் கவலைப்படுவதன் காரணம் பெரும்பாலும் இதுவே. அது பிள்ளையின் குறையன்று. தலையைத் தாழ்த்தி, மார்பை நீரில் மெதுவாக அழுத்தி, இடுப்பை உயர்த்தும் பழக்கத்தால் அதைச் சமன் செய்யலாம்.

ஒரே வயது, வேறு வேறு உடல்

சிறுவர் போட்டிகளில் பெற்றோரை அதிகம் ஏமாற்றுவது வயதுப் பிரிவு ஆகும். நியூ சவுத் வேல்ஸ் பாடசாலை நீச்சல் போட்டிகளில், பிள்ளை அந்த ஆண்டில் எத்தனை வயதை அடைகின்றதோ அதுவே அதன் பிரிவாகக் கொள்ளப்படுகின்றது. ஆகவே ஜனவரியில் பிறந்த பிள்ளையும் டிசம்பரில் பிறந்த பிள்ளையும் ஒரே பிரிவில் நீந்துகின்றனர். பதினொரு வயதில் பதினொரு மாத வேறுபாடு சிறியதன்று.

இதைவிடப் பெரியது பருவ வளர்ச்சியின் வேறுபாடு. பெண் பிள்ளைகளின் உயரம் மிக விரைவாகக் கூடும் காலம் சராசரியாகப் பன்னிரண்டு வயதளவில் வருகின்றது. ஆண் பிள்ளைகளுக்கு அது பதினான்கு வயதளவில் வருகின்றது. இவை சராசரிகள் மட்டுமே. ஒரே நாளில் பிறந்த இரு பன்னிரண்டு வயதுச் சிறுவர்களுள் ஒருவனின் உடல் பதினான்கு வயதுக்குரியதாகவும், மற்றவனின் உடல் பத்து வயதுக்குரியதாகவும் இருக்கலாம். இருவரும் முற்றிலும் ஆரோக்கியமானவர்களே. அவர்களுக்கிடையிலான போட்டியின் முடிவு, யார் முன்னதாக வளரத் தொடங்கினார் என்பதையே பெரும்பாலும் கூறும்.

இயன் தோர்ப்பின் இளமைக்காலம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சிறுவயதில் அவருக்குக் குளோரின் ஒவ்வாமை இருந்தது. ஏழு வயதில் பாடசாலை நீச்சல் விழாவில் அவர் தலையை நீருக்கு மேலே வைத்துக்கொண்டே நீந்தினார். நுட்பம் அவ்வாறு இருந்தும், மற்றப் பிள்ளைகளைவிடப் பெரிய உடலைக் கொண்டிருந்தமையால் வெற்றிபெற்றார். அந்த வெற்றியோடு அவருடைய நீச்சல் நின்றிருந்தால் அவரை இன்று எவரும் அறிந்திருக்கமாட்டார். ஒவ்வாமை தணிந்து, முகத்தை நீரில் வைத்து நீந்தப் பழகி, தமது உடலை நுட்பத்துக்குள் கொண்டுவந்தமையாலேயே 1998இல் பேர்த் நகரில் பதினைந்து வயதில் 400 மீற்றர் பிரீஸ்டைலில் உலக வாகையராக அவர் உயர்ந்தார்.

முன்னதாக வளர்ந்த பிள்ளைக்கும் இதில் ஓர் ஆபத்து உண்டு. பலத்தால் எளிதில் வெல்லும் பிள்ளை நுட்பத்தைப் பழக வேண்டிய தேவையை உணர்வதில்லை. பதினைந்து வயதளவில் மற்றவர்களும் வளர்ந்து அதே உயரத்தை அடையும்போது, முன்பு முதலிடத்தில் நின்ற பிள்ளை பின்தள்ளப்படுவது பயிற்றுநர்கள் அடிக்கடி காணும் நிகழ்வு. பின்னதாக வளரும் பிள்ளையோ, பொறுமையுடன் நுட்பத்தைப் பழகியிருந்தால், வளர்ச்சி வந்து சேரும்போது இரட்டைப் பயன் பெறும்.

வளர்ச்சி நடைபெறும் மாதங்களில் வேகம் தற்காலிகமாகக் குறையவும் கூடும். ஒரே ஆண்டில் எட்டு ஒன்பது சென்ரிமீற்றர் வளர்ந்த பிள்ளை, நேற்றுவரை பழகிய கையையும் காலையும் புதிய நீளத்தில் மீண்டும் பழகவேண்டியுள்ளது. பருவமடையும் பெண் பிள்ளைகளின் உடல் வடிவமும் மிதப்பும் மாறுவதால் அவர்களின் நேரம் ஒரு பருவகாலம் முழுவதும் முன்னேறாமல் நிற்கலாம். அது சோம்பலின் அடையாளமன்று. அவ்வேளையில் எடையைப் பற்றியோ தோற்றத்தைப் பற்றியோ ஒரு சொல்லும் வீட்டில் எழாதிருப்பது நன்று. பத்து வயதுவரை சிறுவர், சிறுமியரின் நீச்சல் நேரங்களுக்கிடையே பெரிய வேறுபாடு இல்லை என்பதையும், பின்னர் தோன்றும் வேறுபாடு பருவ வளர்ச்சியால் வருவது என்பதையும் பெண் பிள்ளைகளுக்கு எடுத்துக்கூறலாம்.

சிறுவர் உடலின் இயக்கம்

சிறுவரின் உடல் பெரியவர்களின் உடலைச் சிறிதாக்கியது போன்றதன்று. பருவமடைவதற்கு முன்னர், ஒட்சிசனைப் பயன்படுத்தி நீண்ட நேரம் மெதுவாக இயங்கும் ஆற்றல் பிள்ளைகளிடம் நன்றாகவே உண்டு. குறுகிய தூரத்தில் முழுப் பலத்தையும் வெளிப்படுத்தும் ஆற்றல் குறைவு. அதனாலேயே அவர்கள் விரைவில் களைத்தாலும் விரைவில் தெளிகின்றனர். பெரியவர்களுக்குரிய கடும் விரைவோட்டப் பயிற்சிகளை இவ்வயதில் புகுத்துவதால் கிடைக்கும் பயன் சிறிது.

மறுபுறம், எட்டு முதல் பன்னிரண்டு வயது வரையான காலம் புதிய அசைவுகளைக் கற்பதற்கு மிக உகந்தது. இவ்வயதில் பழகிய கைவீச்சு பல்லாண்டுகள் நிலைக்கும். பிழையாகப் பழகியதும் அவ்வாறே நிலைக்கும். தோள், கணுக்கால் ஆகிய மூட்டுகள் நன்கு வளைந்து கொடுப்பதும் முக்கியம். பாதத்தை நேராக நீட்டி வைக்கக்கூடிய பிள்ளையின் கால் உதைப்பு நீரைப் பின்தள்ளும்; இறுகிய கணுக்காலையுடைய பிள்ளையின் பாதம் நங்கூரம்போல் நீரைத் தடுக்கும்.

தலையின் நிலை

தமிழ்க் குடும்பங்களில் நீச்சல் புதிதன்று. கிணற்றிலும் கேணியிலும் குளத்திலும் கடலிலும் நீந்திப் பழகிய பாட்டன்மார் பலர் இங்கும் உள்ளனர். வல்வெட்டித்துறைக் கடலில் பழகிய குமார் ஆனந்தன் 1971இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கும், மீண்டும் தலைமன்னாருக்கும் பாக்குநீரிணையை நீந்திக் கடந்தார். கடலில் நீந்துபவர் இடையிடையே தலையை உயர்த்தித் திசையைப் பார்த்தாகவேண்டும். கிணற்றில் நீந்துபவருக்கும் சுவரும் மற்றவர்களும் கண்ணில் படவேண்டும். அங்கு தலையை உயர்த்துதல் அறிவுடைமை.

நீச்சல் தடாகத்தில் நிலைமை வேறு. ஒவ்வொரு தடத்தின் அடியிலும் கறுப்புக் கோடு வரையப்பட்டுள்ளது. திசையைக் கூறுவது அக்கோடே. அங்கே தலை உயர்ந்தால் இடுப்பும் கால்களும் தாழும். உடல் சரிவாகி நீரைத் தடுக்கும். ஆகவே கரையில் நிற்கும் தாத்தா "தலையைத் தூக்கு" என்று கூவ, பயிற்றுநர் "கீழே பார்" என்று கூற, பிள்ளை இரண்டுக்கும் நடுவில் திகைப்பதுண்டு. இருவரும் தத்தம் நீரைப் பொறுத்தவரை சரியாகவே கூறுகின்றனர். தடாகத்தில் பயிற்றுநரின் சொல்லையே பிள்ளை பின்பற்றவேண்டும்: கண்கள் தரையின் கோட்டை நோக்க, கழுத்து இறுக்கமின்றி, பின்தலை, முதுகு, இடுப்பு, குதிக்கால் ஆகியன ஒரே கோட்டில் அமையவேண்டும்.

மூச்சு

பிரீஸ்டைலில் மூச்சு எடுக்கும்போது தலையை உயர்த்தக்கூடாது. உடலோடு சேர்த்துப் பக்கவாட்டில் திருப்பவேண்டும். ஒரு கண் நீருக்குள்ளேயே இருத்தல் நல்ல அடையாளம். முகம் நீருக்குள் இருக்கும்போது மூக்காலும் வாயாலும் தொடர்ச்சியாகக் காற்றை வெளிவிடவேண்டும். பல பிள்ளைகள் நீருக்குள் மூச்சை அடக்கி, வெளியே வந்ததும் ஒரே கணத்தில் வெளிவிட்டு உள்ளிழுக்க முயல்கின்றனர். 25 மீற்றரில் அவர்கள் திணறுவதற்குக் காரணம் பலவீனமன்று, மூச்சை வெளிவிடாமையே. இரு பக்கமும் மாறி மாறி மூச்செடுக்கப் பழகினால் கைவீச்சும் இரு பக்கமும் சமமாகும்.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். நீருக்கடியில் யார் அதிக நேரம் மூச்சடக்குவது என்ற விளையாட்டையும், அதற்கு முன் வேகமாகப் பலமுறை மூச்செடுத்து விடுவதையும் எந்தப் பிள்ளைக்கும் அனுமதிக்கக்கூடாது. மூச்செடுக்கும் உந்துதல் எழுவதற்கு முன்னரே மூளைக்கு ஒட்சிசன் குறைந்து பிள்ளை ஓசையின்றி நினைவிழக்கக்கூடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இவ்வாறு உயிரிழந்துள்ளனர்.

கைவீச்சின் கணக்கு

நீச்சலின் வேகம் இரண்டின் பெருக்கம்: ஒரு வீச்சில் கடக்கும் தூரம், ஒரு விநாடிக்கு வீசும் வீச்சுகளின் எண்ணிக்கை. ஓர் எடுத்துக்காட்டை நோக்கலாம். 25 மீற்றர் தடாகத்தில் சுவரை உந்திய பின் 20 மீற்றர் தூரம் மீதமுள்ளதாகக் கொள்வோம். ஒரு பிள்ளை வீச்சுக்கு 1 மீற்றராக, விநாடிக்கு ஒரு வீச்சாக, 20 வீச்சில் 20 விநாடியில் அதைக் கடக்கின்றது. "வேகமாக வீசு" என்று கூறியதும் அப்பிள்ளை விநாடிக்கு 1.25 வீச்சாக உயர்த்துகின்றது. ஆனால் அவசரத்தில் கை நீரைப் பற்றாமல் நழுவ, 26 வீச்சுகள் தேவைப்படுகின்றன. எடுத்த நேரம் 20.8 விநாடி. களைப்புக் கூடியது, வேகம் குறைந்தது. பின்னர் நீரை நன்கு பற்றப் பழகியதும் 16 வீச்சில், விநாடிக்கு 0.9 வீச்சாக, ஏறத்தாழ 17.8 விநாடியில் அதே தூரத்தைக் கடக்கின்றது.

நீரைப் பற்றுதல் என்பது கையை முன்னே நீட்டியபின், முழங்கை உயர்ந்து நிற்க, முன்னங்கையும் உள்ளங்கையும் சேர்ந்து துடுப்பாக நீரைப் பின்னோக்கித் தள்ளுவதாகும். நீரைக் கீழ்நோக்கி அழுத்தினால் உடல் மேலும் கீழும் ஆடுமேயன்றி முன்னேறாது.

இதைப் பழகுவதற்குப் பயிற்றுநர்கள் பயன்படுத்தும் எளிய விளையாட்டு ஒன்று உண்டு. பிள்ளை 25 மீற்றர் நீந்துகின்றது. எடுத்த விநாடிகளையும் வீச்சுகளையும் கூட்டி ஓர் எண் பெறப்படுகின்றது. 25 விநாடியும் 25 வீச்சும் எனில் எண் 50. அடுத்த முறை 26 விநாடியும் 21 வீச்சும் எனில் எண் 47, அது முன்னேற்றம். பிள்ளை போட்டியிடுவது பக்கத்துத் தடத்துடன் அன்று, தனது நேற்றைய எண்ணுடனேயே. உயரமான பிள்ளைக்கு இயல்பாகவே எண் குறைவாக இருக்கும் என்பதால் இருவரின் எண்களை ஒப்பிடுவதில் பொருளில்லை.

உதைப்பும் தொடக்கமும் திருப்பமும்

பிரீஸ்டைலிலும் மல்லாந்து நீச்சலிலும் கால் உதைப்பு இடுப்பிலிருந்து எழவேண்டும். முழங்காலை மடித்து மிதிவண்டி ஓட்டுவதுபோல் உதைத்தால் தொடை நீரைத் தடுக்கும். மார்பு நீச்சலில் பாதங்கள் வெளிநோக்கித் திரும்பி நீரைத் தள்ளவேண்டும். இங்கே உதைப்பே பெரும் உந்துதலைத் தருகின்றது.

குறுந்தூரப் போட்டிகளில் தொடக்கமும் திருப்பமும் பெரும் பங்கு வகிக்கின்றன. 25 மீற்றர் தடாகத்தில் 100 மீற்றர் நீந்தும் பிள்ளை மூன்று முறை திரும்புகின்றது. சுவரை உந்தியதும் உடல் செல்லும் வேகம், நீந்தும் வேகத்தைவிட அதிகம். அந்த வேகத்தைக் காப்பதற்கு இரு கைகளையும் தலைக்கு மேல் நீட்டி, ஒரு கையின்மேல் மறு கையை வைத்து, மேற்கைகளால் காதுகளை அணைத்து, அம்புபோல் நழுவவேண்டும். பிரீஸ்டைல், மல்லாந்து நீச்சல், வண்ணத்துப்பூச்சி நீச்சல் ஆகியவற்றில் தொடக்கத்தின் பின்னும் திருப்பத்தின் பின்னும் 15 மீற்றர் வரை நீருக்கடியில் செல்ல விதிகள் இடமளிக்கின்றன. சிறுவர்க்கு ஐந்து மீற்றர் நன்றாக நழுவுவதே போதுமானது. இந்த அம்பு நிலைக்கு உயரமோ பலமோ தேவையில்லை. ஒவ்வொரு முறை சுவரை விட்டு அகலும்போதும் அதைச் செய்யும் கவனமே தேவை. தோளுயரச் சிறுவன் உயரமானவனை நெருங்கக்கூடிய முதலிடம் இதுவே. தொடக்க மேடையிலிருந்து பாய்தல் ஆழம் குறைந்த இடத்தில் கழுத்துக்கு ஆபத்தானது. பயிற்றுநரின் மேற்பார்வையில் மட்டுமே அதைப் பழகவேண்டும்.

உறக்கம், உணவு, தோள்

அதிகாலைப் பயிற்சிக்குப் பிள்ளையை எழுப்பும் பெற்றோர் இரவு உறங்கும் நேரத்தையும் முன்னதாக்கவேண்டும். 5 முதல் 13 வயது வரையான பிள்ளைகளுக்கு 9 முதல் 11 மணிநேரமும், 14 முதல் 17 வயது வரையானோர்க்கு 8 முதல் 10 மணிநேரமும் உறக்கம் தேவை என்பது அவுஸ்திரேலிய அரசின் வழிகாட்டல். உடல் வளர்வதும், அன்று பழகிய அசைவை மூளை பதித்துக்கொள்வதும் உறக்கத்திலேயே.

பயிற்சிக்கு முன் ஒரு வாழைப்பழம் போதுமானது. பின்னர் இடியப்பமோ சோறோ, அதனுடன் பருப்பு, முட்டை, மீன் போன்றனவும் நல்ல உணவாகும். மரக்கறி உணவு மட்டும் உண்ணும் பிள்ளைகளுக்கு, குறிப்பாகப் பருவமடைந்த பெண் பிள்ளைகளுக்கு, இரும்புச்சத்து குறையாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். கீரை, கடலை, பருப்பு ஆகியவற்றுடன் எலுமிச்சை, தோடம்பழம் போன்றவற்றைச் சேர்த்தால் இரும்புச்சத்து கூடுதலாக உறிஞ்சப்படும்; உணவோடு தேநீர் அருந்தினால் அது குறையும். காரணமின்றித் தொடரும் களைப்புக்கு மருத்துவரின் ஆலோசனை பெறவேண்டும். ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் மருத்துவரின் திட்டப்படி மருந்தை உடன் வைத்திருந்து நீந்தலாம்.

தோள் வலியை "பழகினால் சரியாகும்" என்று விட்டுவிடக்கூடாது. வளரும் உடலில் ஒரே அசைவு பல்லாயிரம் முறை நிகழ்வதால் தோள் பாதிக்கப்படுகின்றது. பிழையான கைவீச்சும், திடீரெனக் கூட்டிய பயிற்சித் தூரமும், கையில் அணியும் பெரிய நீச்சல் தட்டுகளும் அதற்குக் காரணமாகலாம். வலி இருப்பின் பயிற்றுநரிடம் கூறி, தேவையாயின் மருத்துவரையோ இயன்மருத்துவரையோ நாடவேண்டும்.

பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகள்

ஐந்தாம், ஆறாம் ஆண்டுகளில் செலக்டிவ் பாடசாலைத் தேர்வுக்கான ஆயத்தமும் தொடங்கிவிடுகின்றது. வார இறுதியில் மேலதிக வகுப்பா, நீச்சலா என்ற கேள்வி எழும்போது, அண்மையில் தோற்ற ஒரு போட்டியே பல வீடுகளில் தீர்ப்பை வழங்கிவிடுகின்றது. நீச்சலை நிறுத்துவதற்கு நேரமின்மை நியாயமான காரணமாக இருக்கலாம். வளர்ச்சி இன்னும் வரவில்லை என்பது காரணமாகக்கூடாது. முழுவதும் நிறுத்துவதற்குப் பதிலாக வாரத்தில் ஒரு நாளாகக் குறைத்தாலும் பழகிய நுட்பம் பேணப்படும்.

போட்டி முடிந்து வீடு திரும்பும் வழியில் "எத்தனையாம் இடம்?" என்ற கேள்வியை விடுத்து, "சுவரை விட்டு வரும்போது அம்பாக வந்தாயா?" என்று கேட்டுப் பார்க்கலாம். முதலாவதற்கு விடை மற்றப் பிள்ளைகளின் உயரத்தில் உள்ளது. இரண்டாவதற்கு விடை பிள்ளையின் கையில் உள்ளது.

பயிற்றுநரிடம் கேட்கத்தக்கவை நான்கு: பிள்ளையின் உடல் நீரில் நேராகக் கிடக்கின்றதா? இப்போது திருத்தவேண்டிய ஒரே நுட்பம் எது? ஆறு மாதங்களுக்கு முன்னர் இருந்த நேரத்துடனும் வீச்சு எண்ணிக்கையுடனும் இன்றையவை எவ்வாறு ஒப்பிடத்தக்கன? பிள்ளை விரைவாக வளரும் காலத்தில் உள்ளதெனின் பயிற்சியின் அளவு அதற்கேற்ப மாற்றப்பட்டுள்ளதா? ஆங்கிலத்தில் உரையாடத் தயங்கும் பெற்றோர், பயிற்றுநருடன் பேசும்போது பிள்ளையையே மொழிபெயர்ப்பாளராக்காமல், தேசிய மொழிபெயர்ப்புச் சேவையை 131 450 என்ற எண்ணில் அழைத்துத் தமிழில் உதவி கோரலாம். நகரசபை நீச்சல் நிலையங்களின் வரவேற்புப் பகுதியில், பிள்ளையின் தற்போதைய நிலையை மதிப்பிட்டுப் பொருத்தமான வகுப்பைப் பரிந்துரைக்குமாறும், கட்டணத்துக்கான மாநில அரசின் உதவிச் சீட்டுகளைப் பற்றியும் கேட்டறியலாம்.

எல்லாப் பிள்ளைகளும் போட்டி வீரர்களாக வேண்டியதில்லை. பன்னிரண்டு வயதுக்குள் ஒவ்வொரு பிள்ளையும் 50 மீற்றர் தொடர்ந்து நீந்தவும், இரண்டு நிமிடம் நீரில் நிலைத்து மிதக்கவும் கற்றிருக்கவேண்டும் என்பது அவுஸ்திரேலியாவின் தேசிய அளவுகோல். அதை அடையவும் தேவைப்படுவது இதே நுட்பமே: தாழ்ந்த தலை, உயர்ந்த இடுப்பு, அமைதியாக வெளிவிடும் மூச்சு. அடுத்த ஆண்டு நீச்சல் விழாவில் தோளுயரச் சிறுவன் மீண்டும் பின்னால் வரக்கூடும். தனது நேரம் சென்ற ஆண்டைவிடச் சில விநாடிகள் குறைந்திருப்பதை அவனும் அவனுடைய பெற்றோரும் அறிந்திருந்தால், அதற்கடுத்த ஆண்டும் அவன் தொடக்க மேடையில் நிற்பான். கடலுக்கோ ஆற்றுக்கோ நண்பர்களுடன் செல்லும் வயதில், நீந்தத் தெரிந்தவனாகவே அவன் செல்வான்.